என் கையால் வைத்த மாத்திரை

கடலூரில் நான் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு வரும் ஆண்களில் சிலர், கவுண்டரில் என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு எங்கள் கடையையே பார்ப்பார்கள். ஓனர் வந்து கவுண்டரில் நின்றதும் வேகமாக ரோட்டைத் தாண்டி வந்து, குனிந்து, ஒரு சீட்டை நீட்டுவார்கள். சீட்டில் ஆண்மைக்கான மாத்திரையின் பெயர்தான் எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். 2004-இல் மருந்தியல் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய சிரிப்பாக இருந்தது. சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் நிற்பது, தலையைச் சொறிவது, சீட்டை நீட்டுவது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து மாமாவும் சிரிப்பார். இப்போது நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். என்னைச் சேர்க்க அப்பா தயங்கியபோது, தன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஐம்பதை நெருங்கும் வயதிலும் பையன்களோடு சேர்ந்து மைதானத்தை நாலு சுற்று ஓடுவார். உடம்பு என்றால் அவருக்கு அப்படி ஒரு கர்வம். சளி பிடித்தால்கூட யாரிடமும் சொல்ல மாட்டார்.

2006-இல் விளையாட்டு விழாவுக்குப் பையன்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஓட்டத்தின் நடுவில் நின்றுவிட்டார். நெஞ்சின் மேல் யாரோ முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். புதுச்சேரிக்குப் போய் ஆஞ்சியோகிராம் எடுத்தோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்பைக் குறைக்க ஒன்று, இதயத் துடிப்பை அடக்கிவைக்க ஒன்று. இவை தினமும். வலி வந்தால் மட்டும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளப் பொடிசாக ஒரு மாத்திரை.

அந்தப் பொடி மாத்திரையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருந்தாலும், அந்த ரத்தத்திலிருந்து அது நேராகத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது மாமா. அதற்கென்று தனியாகச் சின்னக் குழாய்கள் மேலிருந்து கிரீடம் மாதிரி சுற்றிப் படர்ந்திருக்கின்றன. இந்த மாத்திரை அந்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்தும். அடைப்பு இருக்கும் இடம் இறுகிப்போயிருக்கும், அது பெரிதாக விரியாது. சுற்றியுள்ள நல்ல குழாய்கள் விரியும். அதைவிடப் பெரிய விஷயம், கால், வயிறு என்று உடம்பு முழுவதும் உள்ள ரத்த நாளங்கள் தளர்ந்து, ரத்தத்தைக் கொஞ்ச நேரம் தங்களிடமே நிறுத்திக்கொள்ளும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். அதன் சுமை குறையும். வலி நிற்கும்.

முதல் தடவை வைத்துப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"பாப்பா, நெஞ்சு வலி போயிடுச்சு. ஆனா தலை வெடிக்குதே?"

"தலையில இருக்கற குழாயும் விரியுது மாமா. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நின்னுக்கிட்டு வைக்காதீங்க, உக்காந்து வைங்க. பிரஷர் எறங்கும்."

பிரஷர் இறங்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறேன். எங்கே, எதனோடு சேர்ந்தால், எவ்வளவு இறங்கும் என்று சொல்லவில்லை. புத்தகத்தில் இந்த மாத்திரைக்கு நேரே ஒரே ஒரு எச்சரிக்கை தடித்த எழுத்தில் இருக்கும்: ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் மருந்தோடு இதைச் சேர்க்கவே கூடாது. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவள் நான். மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது? அக்கா புருஷனிடம் அந்த வார்த்தையை எந்த முகத்தோடு சொல்வது? டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொல்லவில்லை. துடிப்பை அடக்கும் மாத்திரை சிலருக்குப் படுக்கையில் தொந்தரவு கொடுக்கும் என்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தார், எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். ஒரு மனிதனின் இதயத்தைப் படம் பிடித்து, எத்தனை சதவீதம் அடைப்பு என்று கோடு போட்டுக் காட்டத் தெரிந்தவருக்கு, 'வீட்டுல சந்தோஷமா இருக்கீங்களா?' என்று ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. மாதாமாதம் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து என் கையால் அந்த மாத்திரைகளை மாமா வாங்கிப் போனார். இரண்டு வருஷம். ஒரு தடவைகூட எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2008-இல் சித்தப்பா மகளுக்குத் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாளென்றால் அங்கே ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கல்யாணம் நடக்கும். எந்த மாலை யாருடையது, எந்த மேளம் யாருக்கு என்று தெரியாத நெரிசல். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் மலைமேல் இருக்கிற சன்னதிக்குக் கிளம்பினார்கள். மாமாவும் அவர்களோடு படியேறினார். நூறு படிகூட இருக்காது. ஆனால் பையன்களுக்குப் போட்டியாக ஏறியிருக்கிறார்.

"மாஸ்டர் உக்காந்துட்டாருங்க" என்று யாரோ ஓடிவந்து சொன்னதும் நான் ஓடினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சில். சட்டைப் பையில் மாத்திரை இல்லை. புதுச் சட்டை. என் கைப்பையில் எப்போதும் ஒரு அட்டை வைத்திருப்பேன். ஒன்றைப் பிதுக்கி எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் நானே வைத்தேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். 'மருந்துக் கடைப் பொண்ணு கூட இருந்தது நல்லதாப் போச்சு' என்று ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வலி நிற்கவில்லை என்று தலையை ஆட்டினார். புத்தகத்தில் சொன்னபடி இரண்டாவதை வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எந்தப் பாடத்திலும் நான் கண்ணால் பார்க்காதது. முகம் சாம்பலாகிப் போனது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி கிடைக்கவில்லை. கழுத்தில் தேடினேன், நூல் மாதிரி ஓடியது. "கண்ணு இருட்டுது பாப்பா" என்றார். அப்படியே என் மடியில் சரிந்தார். வேட்டி கட்டிய நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பூ கட்டி வைத்திருந்த காரில் போட்டுக் கடலூருக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். என்ன தப்பு செய்தேன் என்று புரியவே இல்லை.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். பிரஷர் எழுபதுக்கும் கீழே. கையில் சலைன் ஏற்றினார்கள். இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். நல்லவர்தான். கேட்க வேண்டியதை அவர்தான் முதன்முதலில் கேட்டார்.

"சார், ரெண்டு நாளைக்குள்ள ஆண்மைக்குன்னு மாத்திரை எதுனா சாப்டீங்களா?"

கட்டிலைச் சுற்றி நான், அக்கா, சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர். மாமா கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு "இல்ல" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்குமுன் டாக்டர் எங்களை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் நானாவது போயிருக்க வேண்டும். படித்தவள், மருந்து தெரிந்தவள், அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் மணி அடித்திருக்க வேண்டும். என்ன நினைத்தேன் தெரியுமா? 'சே, மாமாவைப் போய் இப்படிக் கேட்கிறானே' என்று டாக்டர் மேல் கோபப்பட்டேன்.

சலைன் ஏறி பிரஷர் கொஞ்சம் உயர்ந்தது. உடனே நெஞ்சு வலி மறுபடி வந்தது. டாக்டர் நர்ஸிடம் மருந்துப் பெயர் சொன்னார். நர்ஸ் ஒரு புட்டியைத் தயார் செய்து கம்பத்தில் மாட்டினாள். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"என்னடி அது?"

"நாக்குக்கு அடியில வைக்கறோமே, அந்த வகைதான்க்கா. இது சொட்டுச் சொட்டா உள்ள போவும்."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு லேகியம் சாப்புடறாருடி. நேத்தும் சாப்ட்டாரு. சிதம்பரத்துல லாட்ஜுக்கு மாசாமாசம் ஒரு வைத்தியர் வர்றாரு. மூலிகதான்டி, அதுல ஒண்ணுமில்ல. ஆனா டாக்டர் கேட்டாரே..."

நான் உள்ளே ஓடினேன். "சார், அத ஓட விடாதீங்க!" என்று கத்தினேன். நர்ஸ் அப்போதுதான் குழாயைக் கையில் செருகப் போனாள். டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. புட்டியைக் கழற்றச் சொன்னார்.

மூலிகையில் ஒன்றும் இல்லை என்றால், படிக்கட்டில் நடந்தது என்ன? அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அந்த லேகியத்தில் ஆண்மை மாத்திரையைக் கலந்திருக்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, குழாயைத் தளரச் சொல்லி ஒரு கட்டளை அனுப்புகிறது. உடம்பு அந்தக் கட்டளையைக் கொஞ்ச நேரத்தில் அழித்துவிடும். ஆண்மை மாத்திரை, அதை அழிக்க விடாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உடம்பில் உள்ள குழாயெல்லாம் தளர்ந்துகொண்டே போகும், நிறுத்த ஆளில்லை. ரத்தமெல்லாம் கீழே தங்கிவிடும். இதயத்தின் குழாயும்தான் விரிந்திருக்கிறது. ஆனால் அதற்குள் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் இல்லை. ரோட்டை எவ்வளவு அகலமாகப் போட்டு என்ன, பஸ்ஸே வரவில்லையே! ஏற்கெனவே அடைத்திருந்த குழாய்க்குப் பின்னால் இருந்த சதை பட்டினி கிடந்தது. கொஞ்சம் செத்தும் போனது. முதல் மாத்திரையிலேயே அது தொடங்கியிருக்க வேண்டும். நான் இரண்டாவதையும் வைத்தேன்.

அக்காவிடம் எரிந்து விழுந்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவளும் விடவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் சூடு.

"உன்கிட்ட எப்பிடிடி சொல்லுவேன்? டீக்கடையில நிக்கறவங்கள நடிச்சு நடிச்சுக் காட்டுனியே. அதுல அவரையும் சேத்துக் காட்டுவன்னு அவருக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா அந்த மனுஷன் என் பக்கத்துல படுக்கவே பயந்தாருடி. மாத்திரையால இருக்கும்னு எங்களுக்கு எவன் சொன்னான்?"

மாமா பிழைத்தார். பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். நான் அக்கா வீட்டு அலமாரியிலிருந்து அந்த லேகிய டப்பாவை எடுத்துக்கொண்டேன். மேலே அட்டையில் சிங்கத்தின் படம். 'பக்க விளைவு இல்லாதது' என்று சிவப்பு எழுத்து. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற இடத்தில் அமுக்கரா, பூனைக்காலி, ஜாதிக்காய். நான் படித்த இடத்தில் எனக்குப் பாடம் எடுத்த மேடம் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் எங்கள் கடையில் விற்கும் ஆண்மை மாத்திரை ஒன்றையும் லேகியத்தையும் தனித்தனியாகக் கரைத்து, ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து, தகட்டின் அடியை ஒரு திரவத்தில் நனைத்து, பொட்டுகளை மேலே ஏற விட்டார். புற ஊதா விளக்குக்குக் கீழே பார்த்தோம். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து என்று அர்த்தம்.

"இது லேகியமே இல்லம்மா. மாத்திரைய இடிச்சுப் போட்ட வெல்லப்பாகு" என்றார் மேடம். "எவ்வளவு போட்டிருக்கான்னு அவனுக்கே தெரியாது. ஒரு ஸ்பூன்ல கொஞ்சம் இருக்கும், இன்னொரு ஸ்பூன்ல ஜாஸ்தி இருக்கும்."

"எழுதிக் குடுங்க மேடம்."

"அது மட்டும் கேக்காத."

புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்குன பில் இருக்கா?" என்றார். லாட்ஜ் அறையில் தலையைக் குனிந்துகொண்டு லேகியம் வாங்குகிறவன் பில் கேட்பானா? அந்த ஆள் அப்படிக் கேட்டபோது அவர் மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு தடவை போய்க் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள்.

அடுத்த மாதம் வைத்தியர் வரும் தேதியில் நான் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். தனியாகத்தான் போக நினைத்தேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வர்றேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்த லாட்ஜ். காலை பத்து மணி. மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினைந்து ஆண்கள். எங்களைப் பார்த்ததும் பாதிப் பேர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். வாசலில் ஒரு ஆள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். "லேடீஸ்லாம் இங்க வரக்கூடாதும்மா" என்றான்.

நான் அவனிடம் பேசவே இல்லை. நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டேன்.

"இங்க நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கறவங்க யாரு இருக்கீங்க?"

பேப்பர்கள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

அக்கா முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரரு இதே நாக்காலிலதாங்க உக்காந்திருந்தாரு. இந்த லேகியத்த சாப்ட்டுட்டு அந்த மாத்திரைய வச்சாரு. சாவற அளவுக்குப் போய் வந்தாரு. எங்களுக்கு உங்க பேரு வாணாம், ஊரு வாணாம். இருந்தா கைய மட்டும் தூக்குங்க."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கை பாதி எழுந்தது. நரைத்த முடி உள்ள கை. சற்று நேரம் கழித்து மூலையில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. பதினைந்து பேரில் மூன்று பேர்.

சத்தம் கேட்டு வைத்தியர் வெளியே வந்தார். ஜிப்பா, சந்தனம், நன்றாகப் பராமரித்த உடம்பு. "என்னம்மா பிரச்சினை? இது பரம்பரை மூலிகை வைத்தியம்" என்று சிரித்தார். நான் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"மூலிகதானே? ஒரு ஸ்பூன் லேகியம் நீங்க சாப்புடுங்க. அரை மணி நேரம் கழிச்சு இத நாக்குக்கு அடியில வைங்க. நான் இங்கயே நிக்கறேன்."

சிரிப்பு நின்றது. மாத்திரையைப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாமல் செய்கிற முட்டாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் பின்னால் ஒரு அடி வைத்தார். வாசல் ஆளைப் பார்த்து, "மேனேஜரக் கூப்புடு" என்றார். மேனேஜர் வந்து போலீசைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடுங்க, நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. யாரும் கூப்பிடவில்லை. ஆனால் எங்களைத் தள்ளாத குறையாகக் கீழே இறக்கிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒருவர் எங்கள் பின்னால் வந்தார். முதலில் கை தூக்கிய நரைமுடிக்காரர். பிச்சாவரம் பக்கம் என்று மட்டும் சொன்னார். எங்களைப் பார்க்காமல், புறப்பட இருந்த பஸ்ஸைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் நேத்துதாம்மா சாப்ட்டேன். இப்ப வலி வந்தா இன்னா பண்றது?"

"அந்த மாத்திரைய வைக்காதீங்க ஐயா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. போனதுமே லேகியம் சாப்ட்டத சொல்லிடுங்க. வெக்கப்படாம சொல்லுங்க."

"சரிம்மா" என்று பஸ் ஏறிவிட்டார். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

வைத்தியர் அதற்குப் பிறகு அந்த லாட்ஜுக்கு வரவில்லை. பிடித்து உள்ளே போட்டார்களா என்றால் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதே சிங்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். போன் நம்பர் மட்டும் வேறு. நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

மாமா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. மாத்திரையைச் சிதம்பரத்திலேயே வாங்கிக்கொண்டார். பொங்கலுக்குப் போனபோது நானே எதிரில் போய் நின்றேன்.

"என் மானத்த பஸ் ஸ்டாண்டுல ஏலம் போட்டுட்ட" என்றார். "என் ஸ்கூல் பசங்களோட அப்பனுங்க எத்தினி பேரு அங்க உக்காந்திருந்தாங்களோ."

"உக்காந்திருந்தா அவுங்களும் அதுக்குத்தானே மாமா வந்திருந்தாங்க?"

அவர் என்னை முறைத்தார். எனக்கும் கோபம் அடங்கவில்லை. "டாக்டர் கேட்டப்ப ஏன் பொய் சொன்னீங்க? அந்தப் புட்டி ஓடியிருந்தா உங்கள என் கையால கொன்ன மாதிரி ஆயிருக்கும். அத வச்சிக்கிட்டு நான் எப்பிடி வாழ்வேன்னு யோசிச்சீங்களா?"

"நீ நிக்கறப்ப எப்பிடி பாப்பா சொல்லுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

2010-இல் வேறு ஒரு டாக்டரிடம் காட்டினோம். நடுத்தர வயதுப் பெண்மணி. மாமாவையும் அக்காவையும் மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, முக்கால் மணி நேரம் பேசினாராம். துடிப்பை அடக்கும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார்கள். மாமாவால் இப்போது ஓட முடியாது. பள்ளிக்கூடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கடையில் நான் கேட்கத் தொடங்கினேன். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வாங்க வரும் எந்த ஆணையும், ஆண்மைக்கென்று மாத்திரையோ லேகியமோ சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் விடுவதில்லை. சிலர் தலையைக் குனிந்து பதில் சொல்வார்கள். சிலர் மாத்திரையை வாங்காமலே போய்விடுவார்கள். 2012-இல் ஒருவர் ஓனரிடம் போய், "பொம்பள கேக்கற கேள்வியாங்க இது?" என்று சத்தம் போட்டார். ஓனர் என்னைக் கூப்பிட்டு, நமக்கெதுக்கும்மா வம்பு, சீட்டைப் பார்த்தோமா கொடுத்தோமா என்று இரு என்றார். எட்டு வருஷம் வேலை பார்த்த கடை. அன்று அவரோடு நான் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் வேறு கடையில் சேர்ந்தேன். சேருமுன்பே புது ஓனரிடம் சொல்லிவிட்டேன், இந்த மாத்திரைக்கு இந்தக் கேள்வியைக் கேட்பேன் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கேளும்மா. ஆனா மெதுவாக் கேளு" என்றார்.

மெதுவாகத்தான் கேட்கிறேன்.